80 மி.மீ. ரிஃப்ராக்டரா, 6 அங்குல நியூட்டோனியனா?

நெபுலா, அதாவது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசி மேகம், அதைப் படம் எடுக்க முதல் டெலஸ்கோப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் லென்ஸ் வைத்த ரிஃப்ராக்டர், கண்ணாடி வைத்த நியூட்டோனியன் என்ற இந்த இரண்டில்தான் வந்து நிற்பார்கள். நான் வாங்கியது 80 மி.மீ. ஈ.டி. (நிறக் கசிவைக் குறைக்கும் லென்ஸ்) ரிஃப்ராக்டர். அதனால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

விலைக்குக் கிடைக்கும் ஒளி என்று பார்த்தால் நியூட்டோனியன்தான் கெட்டி. பரப்பு மூன்றரை மடங்கு. ஆனால் அது எஃப்/5, இது எஃப்/6 (குவியத்தூரம் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு; எண் சிறிதானால் படம் பிரகாசம்). ஒரே கேமராவை மாட்டினால், பரந்து கிடக்கும் நெபுலாவுக்கு வரும் லாபம் ஒன்றரை மடங்கைக்கூடத் தொடாது.

அந்த லாபத்தையும் நம் ஊரில் காற்று கொண்டுபோய்விடும். உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பித்தானே? லகூன் நெபுலா நடுராத்திரியில் நல்ல உயரத்துக்கு வருவதும் அதே ஆனி, ஆடியில்தான். கோவையில் மேகம் மூடிக் கிடந்தாலும், மழை மறைவில் இருக்கும் தாராபுரம், காங்கேயத்தில் இடையிடையே வானம் திறக்கும். காற்று மட்டும் நிற்காது. நியூட்டோனியன் முக்கால் மீட்டர் நீளம், நல்ல பருமன், மேல்முனையில் பக்கவாட்டில் தொங்கும் கேமரா. ஈ.க்யூ.5 மாதிரி மவுண்டில் (வானம் சுழல்வதற்கு ஏற்ப டெலஸ்கோப்பைத் திருப்பும் தாங்கி) மூன்று நிமிட எக்ஸ்போஷர் ஓடும்போது ஒரு வீச்சு அடித்தால் போதும், விண்மீன்கள் எல்லாம் முட்டை வடிவம். குட்டையான ரிஃப்ராக்டர் அதே காற்றில் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது.

அப்புறம் நியூட்டோனியனுக்குக் கொலிமேஷன். காரில் குலுங்கிப் போய் இறங்கியதும், இருட்டில் ஸ்க்ரூவைத் திருகி இரண்டு கண்ணாடிகளையும் நேராக்க வேண்டும். திறந்த குழாய் என்பதால் காட்டுப் புழுதி வேறு. ரிஃப்ராக்டரில் இந்த வேலையே கிடையாது. மூடியைக் கழற்றினால் சரி.

மவுண்டை நேர்ப்படுத்த வேண்டிய துருவ நட்சத்திரம் இங்கே 11 டிகிரி உயரத்தில் தாழ்ந்து கிடக்கும் தொல்லை இரண்டுக்கும் பொது.

ரிஃப்ராக்டரிலும் குறை உண்டு. இரண்டு லென்ஸ் வகையில் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி நீலம் கசியும். கார்த்திகைக் கூட்டத்தை எடுத்தால் தெரியும். ஆனால் 2 டிகிரி அகலமுள்ள அந்தக் கூட்டம் ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் (பல சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் உள்ள அளவு) முழுசாக அடங்குவதும் இதன் 480 மி.மீ. குவியத்தூரத்தில்தான், நியூட்டோனியனின் 750-இல் ஓரம் வெட்டுப்படும்.

சித்திரை ராத்திரியில் தெற்கே தெரியும் ஒமேகா செண்டாரி மாதிரி உருண்டைக் கொத்துகள்தான் உங்கள் குறி என்றால் கதையே வேறு. அவற்றில் நெருங்கிக் கிடக்கும் விண்மீன்களைப் பிரித்துக் காட்ட நியூட்டோனியன்தான் வேண்டும். நான் நண்பருடைய 6 அங்குலத்தைத்தான் வைத்துப் பார்த்திருக்கிறேன், 8 அங்குலம் பழக்கமில்லை. காற்றை மறைக்கும் கைப்பிடிச் சுவருள்ள மொட்டைமாடி இருந்தால் தாராளமாக நியூட்டோனியனை வாங்குங்கள். படத்தின் ஓரத்தில் விண்மீன்கள் வால் முளைத்துத் தெரிவதைச் சரிசெய்யும் கோமா கரெக்டர் லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.