வேகன்ஆரா, டியாகோவா: ஆரல்வாய்மொழிக் காற்றில் 5 வருடம்

அம்மா முதலில் உட்கார்ந்து பார்த்தது டாடா டியாகோ காரில். இறங்கும்போது ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, "எய்யா, கெணத்துக்குள்ள எறங்கி ஏறுன மாதிரில்லா இருக்கு" என்றாள். மதியம் இன்னொரு ஷோரூமில் மாருதி வேகன்ஆர். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் திண்ணையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள், காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள், விற்பனைப் பையன் கொடுத்த காப்பியை அங்கேயே இருந்து குடித்து முடித்தாள். மூட்டு தேய்ந்த எழுபது வயதுக்காரி இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு டெஸ்ட் டிரைவ் வெறும் சடங்குதான்.

இது 2020 அக்டோபரில். வீடு வள்ளியூர், வேலை நாகர்கோவில். போக வர சுமார் 70 கிலோமீட்டர், அதுவரை பஸ்தான். கொரோனா முடக்கத்தில் பஸ்ஸும் நின்று, மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸும் கேட்ட அந்த மாதங்களில் கார் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. நாகர்கோவிலில் இருக்கும் அத்தானும், அதாவது அக்கா வீட்டுக்காரர், அதே சமயத்தில் கார் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேகன்ஆர் 1.2 இசட்எக்ஸ்ஐ எடுத்தேன், அவர் டியாகோ எக்ஸ்இசட். இரண்டும் பெட்ரோல், இரண்டும் சாதா கியர். ஆன்ரோடு விலையில் 30,000 ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. இரண்டு வண்டிக்கும் ஒரே நாளில் முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம்.

இன்றைக்கு என் வண்டி 84,000 கிலோமீட்டர், அவருடையது 57,000. நல்லது கெட்டதுக்கு மாற்றி மாற்றி எடுத்ததில் அவருடைய வண்டியில் நான் மட்டும் 6,000 கிலோமீட்டராவது ஓட்டியிருப்பேன். இரண்டையும் பற்றிப் பேச அந்த அளவுக்கு எனக்கு உரிமை உண்டு.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. வேகன்ஆர் இன்ஜின் 1197 சிசி, டியாகோ 1199 சிசி. சக்தி 83-க்கு 86 குதிரை. இழுவை இரண்டிலும் 113 நியூட்டன் மீட்டர். வித்தியாசம் உடம்பில் இருக்கிறது. வேகன்ஆரின் உயரம் 1675 மில்லிமீட்டர், டியாகோவுக்கு 1535. எடையிலோ டியாகோ 100 கிலோவுக்கு மேல் கூடுதல். ஒன்று நெட்டையும் லேசும், இன்னொன்று கட்டையும் கனமும். அந்த 14 சென்டிமீட்டர் உயரம்தான் அம்மாவின் முழங்காலைக் காப்பாற்றியது. அதே 14 சென்டிமீட்டர்தான் ஜூன் மாதம் என் கழுத்தைப் பிடித்தது.

ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் காற்று. மேற்கு மலை ஆரல்வாய்மொழியில் விட்டுக்கொடுக்கிற இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிதுங்கிக்கொண்டு வரும். முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பது அதனால்தான். பணகுடியிலிருந்து காவல்கிணறு வரை சாலை தெற்கே இறங்குகிறது, காற்று மலைப் பக்கமிருந்து விலாவில் அடிக்கும். காவல்கிணற்றில் நாகர்கோவிலுக்கு மேற்கே திரும்பினால் நேராக முகத்தில்.

மோசமானது மாலையில் திரும்பி வரும்போது. வடக்கு நோக்கி வருகிறோம், காற்று இடப்பக்கம். இடது தடத்தில் ஒரு கண்டெய்னர் லாரி, நான் வலதில் ஏறித் தாண்டுகிறேன். லாரி மறைப்பில் இருக்கும்வரை சத்தமே இருக்காது. அதன் மூக்கைத் தாண்டிய நொடியில் யாரோ உள்ளங்கையை விரித்து வண்டியை நடுத்திட்டு பக்கமாகத் தள்ளுவார்கள். முதல் வருடம் ஒரு முறை நான் பயந்துபோய் ஸ்டியரிங்கை இடதுபக்கம் வெடுக்கென்று திருப்பிவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரன் பணகுடி வரை காதில் கேட்டது. இப்போது ஜூன் முதல் செப்டம்பர் வரை 70-க்கு மேல் போவதில்லை, லாரியைத் தாண்டும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில், தாண்டி முடிக்கும் இடத்தில் தள்ளு வரும் என்று முன்கூட்டியே தயாராக இருப்பேன். பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதால் நல்லது என்று சொல்ல மாட்டேன்.

2023 ஜூலையில் அத்தானின் அம்மாவுக்குக் கண்புரை அறுவை. தூக்கி உட்கார வைக்க லேசாக இருக்கும் என்று 10 நாளைக்கு என் வண்டியைக் கேட்டார், அவருடையது என்னிடம் வந்தது. அதே காற்று, அதே லாரிகள். டியாகோவில் ஸ்டியரிங் கையில் ஒரு சின்ன நெளிவு காட்டியதோடு சரி. மூன்றாம் நாளே நான் 90-இல் போய்க்கொண்டிருந்தேன், தெரியாமலே. தினமும் நாலுவழிச் சாலையில் போகிறவன் வாங்கியிருக்க வேண்டிய வண்டி எது என்று அந்த 10 நாளில் தெளிவாகப் புரிந்தது. மறுபக்கம் அத்தான், நாகர்கோவில் ஊருக்குள் வடசேரியிலும் மீனாட்சிபுரத்திலும் என் வண்டியை வளைத்து வளைத்து ஓட்டிவிட்டு, "மாப்ளே, இது சைக்கிள்லா" என்றார். ஆக, இரண்டு பேரும் மற்றவர் வாங்க வேண்டிய வண்டியை வாங்கி வைத்திருக்கிறோம்.

ஊருக்குள் வேகன்ஆருக்கு நிகர் சொல்ல முடியாது. கண்ணாடி பெரிது, உட்காருவது உயரத்தில், பானட்டின் முனை கண்ணுக்குத் தெரியும். கிளட்ச் பஞ்சு மாதிரி. நான்கு சிலிண்டர் என்பதால் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஓடுகிறதா என்று சில சமயம் மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். டியாகோ மூன்று சிலிண்டர். நின்றால் சீட்டு வழியாக ஒரு நடுக்கம் தெரியும், ஏசி போட்டால் இன்னும் கொஞ்சம். முதல் கியரில் நத்தையாக நகரும்போது கிளட்ச் கால் வலிக்கும். ஆனால் 60-ஐத் தாண்டிவிட்டால் அந்த வண்டி வேறு ஆள். பள்ளத்தில் விழுந்தால் 'தொம்' என்று ஒரே சத்தம், அதோடு முடிந்தது. என் வண்டி விழுந்தால் பின்சீட்டில் இருப்பவர்கள் தனியாக ஒருமுறை எழும்பி உட்காருவார்கள். வளைவில் சாய்வதும் அதிகம். பாட்டுக் கேட்பவர்களுக்கு டியாகோதான், அதில் ஹார்மன் ஸ்பீக்கர் இருக்கிறது. நான் செய்தி கேட்கிறவன், எனக்கு எதுவானாலும் ஒன்றுதான்.

மைலேஜ் கேட்காமல் யாரும் விட மாட்டார்கள். ஃபுல் டேங்க் அடித்து, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் அடித்துப் போட்ட கணக்கு இது. நெடுஞ்சாலையில் எனக்கு 20, அத்தானுக்கு 18. ஊருக்குள் எனக்கு 15, அவருக்கு 13. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜூலை மாதம் காலையில் எதிர்காற்றில் போகும்போது மீட்டர் 16 காட்டும். மாலையில் முப்பந்தலிலிருந்து காற்றே தள்ளிக்கொண்டு வரும், அப்போது 22 காட்டும். யாராவது ஒரு நாள் ஓட்டிவிட்டு மைலேஜ் சொன்னால், எந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்பேன். டேங்க் எனக்கு 32 லிட்டர், அவருக்கு 35. பம்புகளில் எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இரண்டு வண்டியிலும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அளவு குறைந்த மாதிரி இருக்கிறது. எங்கள் இரண்டுமே 10 சதவீதக் கலப்பு காலத்து வண்டிகள், வேறு வழியில்லை, அதையேதான் போடுகிறோம்.

அக்கா வீட்டுக்குப் பொங்கல்படி, அதாவது பொங்கல் சீர், கொண்டுபோவதைச் சொல்லாவிட்டால் அவள் கோபப்படுவாள். வருடா வருடம் ஒரு கட்டுக் கரும்பு, ஒரு ஏத்தங்குலை, அரிசி மூட்டை, பனங்கிழங்கு, மஞ்சள் கொத்து, புதுப்பானை. வேகன்ஆர் டிக்கி 341 லிட்டர், டியாகோ 242. பின்சீட்டில் ஒரு பாதியை மட்டும் மடக்கிவிட்டால் கரும்பு டிக்கியிலிருந்து முன்சீட்டு இடுக்கு வரை நீண்டு படுக்கும், மறுபாதியில் என் மகள் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். தோகை மட்டும் என் காதை உரசிக்கொண்டே நாகர்கோவில் வரை வரும். ஒரு வருடம் என் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்ததால் டியாகோவில் ஏற்றிப் பார்த்தோம். கரும்பை இரண்டாக வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டின கரும்பைப் படியாகக் கொடுப்பதா என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

செலவு இருவருக்கும் பெரிதாக இல்லை. வருட சர்வீஸ் 5,000-லிருந்து 7,000-க்குள். எனக்கு 46,000-இல் நான்கு டயர், நான்காம் வருடம் பேட்டரி. டயர் கடை அண்ணாச்சி, "கொஞ்சம் அகலமா போடுங்க, காத்துக்கு நிக்கும்" என்றார். டியாகோவில் 175 அகல டயர், எனக்கு 165. ஸ்டியரிங் கனமாகும், மைலேஜும் இறங்கும் என்று பழைய அளவையே போட்டேன், அது சரிதானா என்று இன்னும் யோசனையாக இருக்கிறது. ஒரு முறை எலி வந்து வயரைக் கடித்தது, 3,200 ரூபாய். வேப்பமரத்தடியில் நிறுத்துவதை விட்டேன், எலியும் விட்டது.

ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. எந்த வண்டிக்கு, எந்த ஊர் சர்வீஸ் சென்டர் என்று சொல்லப்போவதில்லை. நாங்கள் கேட்காத 'கிளீனிங்' ஒன்றைச் செய்ததாக 1,850 ரூபாய் பில்லில் ஏறியிருந்தது. கேட்டால், எல்லாருக்கும் போடுவதுதான் சார் என்றார்கள். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் என்னென்ன வேலை, எவ்வளவு என்று எழுதச் சொல்லி, அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் அதற்குப் பிறகு அப்படித்தான் செய்கிறோம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம். குளோபல் என்கேப் என்ற அமைப்பு நடத்தும் மோதல் சோதனையில் 2019-இல் வேகன்ஆர் வாங்கியது 5-க்கு 2 நட்சத்திரம். 2020 ஜனவரியில் டியாகோவுக்கு 4. இரண்டும் நான் வாங்குவதற்கு முன்பே வந்த முடிவுகள், தெரிந்தேதான் வாங்கினேன். விதிகளைக் கடுமையாக்கிய பிறகு 2023-இல் வேகன்ஆருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 1 நட்சத்திரம், குழந்தைகளுக்குச் சுழியம். அந்தச் செய்தி வந்த அன்று வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் போனை என் முன் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பின்சீட்டில் யார் இருந்தாலும் பெல்ட் போடாமல் வண்டி எடுப்பதில்லை. அம்மாவுக்கு அது பிடிக்காது, சேலை கசங்குகிறதாம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. வேகன்ஆர் 1.2 இன்ஜினை 2022-இல் டூயல்ஜெட் என்ற புது வகையாக மாற்றி 90 குதிரை ஆக்கினார்கள். 2025-இல் எல்லா ரகத்திலும் 6 ஏர்பேக் வந்துவிட்டது. ஏர்பேக் கூடியதால் வண்டியின் கூடு பலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, அதையும் நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த ரகச் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. 4 மீட்டருக்குக் குறைந்த நீளம், 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் என்ற கணக்கில் இரண்டு வண்டியும் வருகின்றன. வேகன்ஆர் என்று முடிவெடுத்தால், நெடுஞ்சாலை ஓட்டம் இருக்கிறவர்கள் சின்ன 1.0 லிட்டர் இன்ஜின் பக்கம் போக வேண்டாம். நான்கு பேரோடு ஏசி போட்டு ஒரு மேம்பாலம் ஏறிப் பார்த்தால் காரணம் புரியும்.

என்னிடம் எது வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாரத்தில் எத்தனை நாள் 80-ஐத் தொடுவீர்கள் என்பதுதான். அடுத்து, வீட்டில் முழங்கால் வலிக்காரர் யார், மாதத்துக்கு எத்தனை தடவை வண்டியில் ஏறுவார். அம்மா என் வண்டியில் ஏறுவது மாதத்துக்கு நாலைந்து தடவை, நான் ஏறுவது ஐம்பது தடவை. கணக்குப்படி நான் வாங்கியது தப்பு. மறுபடி வாங்கச் சொன்னாலும் அந்தக் காப்பி டம்ளரோடு அவள் உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்து நிற்கும், என்ன செய்வேன் என்று சொல்லத் தெரியவில்லை.

இப்போது சொல்லாமலே ஒரு ஏற்பாடு ஆகிவிட்டது. குடும்பத்தோடு மதுரை போக வேண்டுமானால் டியாகோ சாவி என்னிடம் வரும். ஆஸ்பத்திரி, கோவில், கல்யாணம் என்று வயதானவர்கள் கிளம்பினால் வேகன்ஆர் நாகர்கோவிலுக்குப் போகும். திரும்பி வரும்போது சீட்டு பின்னால் தள்ளியிருக்கும், ரேடியோவில் மலையாளம் ஓடும். முன்கதவுப் பையில் இரண்டு தைலக் குப்பி கிடக்கிறது. ஒன்று அம்மாவுடையது, மற்றது அத்தானின் அம்மாவுடையது. போன வாரம் வண்டி கழுவும் பையன் இரண்டையும் எடுத்து வெளியே வைத்தான், திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன்.