கொழும்பில் முதல் எயார் ரைபிள்: வாங்கும்போது பார்க்கவேண்டியதும் வருடக்கணக்கில் தெரியவருவதும்

சுடப் பழக வரும் பிள்ளையின் தகப்பனார் முதலில் கேட்பது, "இது எவ்வளவு வேகமாச் சுடும்?" என்றுதான். 10 மீற்றர் போட்டிக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. விலை கூடிய போட்டி ரைபிளும் 4.5 மில்லிமீற்றர் சன்னத்தை வினாடிக்கு ஏறத்தாழ 170 மீற்றரில்தான் விடுகிறது. பரலை, அதாவது குழலை, மடித்து லோட் பண்ணும் ஸ்பிரிங் துவக்குகளின் பெட்டியில் 300 மீற்றர் என்று போட்டிருக்கும். அதை நம்பி வாங்கினால் ஸ்பிரிங் முன்னும் பின்னுமாக உதைக்கும் உதையில், பிழை கையிலா துவக்கிலா என்று பழகுபவருக்குக் கடைசிவரை பிடிபடாது. இலக்கு அட்டையில் 10 என்பது அரை மில்லிமீற்றர்ப் புள்ளி. அதைத் தேடிப் போகிறவருக்கு உதையில்லாத துவக்கு வேண்டும்.

பணம் கட்டமுன் கடதாசி வேலை. இலங்கையில் துவக்குகள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அனுமதிப்பத்திரங்களைப் பாதுகாப்பு அமைச்சு பார்க்கிறது. இணையத்தில் பார்த்துத் தருவிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு கழகத்தில் சேர்ந்து, கழகத்து ரைபிளில் ஆறு மாதமாவது சுட்டு, கழகத்தின் மூலமே அனுமதியைக் கேட்டு எழுதுங்கள். அந்த ஆறு மாதத்தில் எந்தக் கண் ஆளும் கண் (குறிபார்ப்பதில் முந்தும் கண்), ஸ்டொக் என்னும் துவக்குக் கட்டை வலக்கைக்கா இடக்கைக்கா என்பதும் தெளிந்துவிடும்.

இனி அளவு. ஸ்டொக்கின் பின்முனைத் தகடான பட் பிளேட்டைத் தோளில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை அதைத் தாங்கும் சீக்பீஸில் இறக்குங்கள். கழுத்து தளர்ந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்ததும் டயொப்டர் என்னும் பின் குறிகாட்டியின் துளைக்கு நடுவே முன் வளையம் நிற்கிறதா? கன்னத்தை அழுத்தினால்தான் நடுவுக்கு வருகிறது என்றால் சீக்பீஸின் உயரம் கூடிவிட்டது. அழுத்திப் பிடித்தே பழகியவருக்கு நாற்பதாவது சூட்டிலிருந்து கழுத்து இறுகி, சன்னம் மேலும் கீழுமாகச் சிதறும். இதைத் திருத்தும் திருகுகள் இல்லாத ஸ்டொக், எவ்வளவு நல்ல பரலோடு வந்தாலும் வேண்டாம். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கொருமுறை நீளத்தை மாற்றவேண்டி வரும். போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது என்பதற்காக 13 வயதுப் பிள்ளையின் கையில் அவ்வளவையும் ஏற்றக்கூடாது. 4 கிலோவை ஒட்டித் தொடங்கி, முதுகு பழகியபின் எடைத்துண்டுகளைச் சேர்க்கலாம்.

கொழும்பில் உண்மையான தலையிடி காற்று. இன்றைய போட்டி ரைபிள்கள் 200 பார் (பார் என்பது அழுத்த அலகு) அழுத்தக் காற்றுச் சிலிண்டரில் ஓடுகின்றன. நிரப்ப இரண்டு வழி: நீர்மூழ்குவோரின் பெரிய சிலிண்டர், அல்லது கைப்பம்பு. ரைபிள் சிலிண்டர் 0.2 லீற்றர் என்று வையுங்கள். 80 பாரிலிருந்து 200க்கு ஏற்ற 24 லீற்றர் காற்று போதும். 12 லீற்றர்ப் பெரிய சிலிண்டரில் அது 2 பார்தான் குறைக்கும். பத்துத் தரம் நிரப்பினால், 200இல் தொடங்கிய பெரியது 180க்கு இறங்கும். அதன்பின் ரைபிளும் 180க்கு மேலே ஏறாது. பயப்பட வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் வேகத்தைச் சமனாகவே வைத்திருக்கும், சூடுகளின் எண்ணிக்கைதான் குறையும். மெதுவாக, ஒன்றிரண்டு நிமிடம் எடுத்து நிரப்புங்கள். அவசரமாக நிரப்பிய சிலிண்டர் சூடேறி 200 காட்டும்; ஆறியதும் கீழே வந்து நிற்கும்.

கைப்பம்பு மலிவு, ஆனால் நம் ஊர்க் காற்றைக் கணக்குப் பாருங்கள். 27 பாகையில், 80 சதவீத ஈரத்தில், ஒரு கன மீற்றர் காற்றில் 20 கிராம் தண்ணீர் இருக்கிறது. மேலே சொன்ன 24 லீற்றரில் அரைக் கிராம், அதாவது பத்துச் சொட்டு. வடிகட்டி இல்லாவிட்டால் அதில் ஒரு பங்கு சிலிண்டருக்குள் போய் ரெகுலேட்டரை அரிக்கும். சில வருடம் இப்படி ஓடிய ரெகுலேட்டரைக் கழற்றினால் வெள்ளை மாவு படிந்திருக்கும். அதற்கு முந்தின அறிகுறி: முதல் சூடு மட்டும் உயரப் போகும், மற்றவை சரியாக விழும். ஏசி அறைக்குள் வைத்துப் பம்பை அடியுங்கள், ஐம்பது தரம் அடித்ததும் நிறுத்தி ஈரத்தை வெளியே விடுங்கள், வடிகட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

வெல்டிங் கடையிலோ மருந்துக்கடையிலோ கிடைக்கும் ஒட்சிசனை ஒருபோதும் நிரப்பக்கூடாது. உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் அழுத்த ஒட்சிசனில் அது தீப்பிடித்து வெடிக்கும். ஆள் போய்விடுவார். மரையில் சாதாரண எண்ணெய் பூசுவதும் வேண்டாம். காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும்.

பழைய ரைபிள் வாங்குபவர் முதலில் சிலிண்டரைத் திருப்பி, பொறித்திருக்கும் உற்பத்தித் திகதியைப் பார்க்கவேண்டும். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ் போன்ற ரைபிள் நிறுவனங்கள் தங்கள் சிலிண்டர்கள் பலவற்றுக்கு 10 வருட ஆயுளே தருகின்றன. எட்டு வருடச் சிலிண்டரோடு வரும் ரைபிளின் விலையில் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேசுங்கள். நிரப்பி ஓர் இரவு வைத்து, காலையில் அதே அறை வெப்பத்தில் அழுத்த மானியைப் பாருங்கள். 5 பாருக்கு மேல் இறங்கியிருந்தால் எங்கோ ஓ-ரிங் போயிருக்கிறது. மாற்றும் செலவு பெரிதில்லை, விலை பேச உதவும்.

காற்று நிரப்ப வழியே இல்லாதவருக்கு, ஒவ்வொரு சூட்டுக்கும் நெம்புகோலை இழுத்துக் காற்றை அழுத்தும் பழைய வகை, உதாரணமாக ஃபைன்வெர்க்பாவ் 603, இன்றும் நல்ல துவக்கு. வளர்ந்தவருக்குத் தயங்காமல் சொல்லலாம். 60 சூட்டுப் போட்டியில் சிறு பிள்ளைக்கு 60 இழுப்பு அதிகம்.

சன்னம் தட்டைத் தலையுள்ளதாக இருக்கட்டும். தலை விட்டம் 4.49, 4.50 என்று டின்னில் அச்சிட்டிருக்கும். ஒரேயடியாகப் பத்து டின் வாங்காமல், இரண்டு மூன்று அளவில் ஒவ்வொரு டின் எடுத்து, தாங்கியில் வைத்துப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்து, ஓட்டை சிறுத்த அளவில் நில்லுங்கள். 500 சன்னம் எட்டுப் பயிற்சிக்கு வரும். மூடாமல் வைத்த டின்னில் ஈயம் வெள்ளை பூத்துவிடும். அதைச் சுட வேண்டாம். சுட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் தேத்தண்ணியைத் தொடாதீர்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் துரு உறுதி. முதலில் பிடிப்பது பரலில் அல்ல. பட் பிளேட்டின் கம்பியிலும் ஸ்டொக் திருகுத் தலைகளிலும், வியர்வைக் கை படும் இடங்களில். ரைபிளை ஸ்பொஞ்சுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் ஸ்பொஞ்ச் ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டவைக்கும். பெட்டி கொண்டுபோக மட்டும். வீட்டில் பூட்டுள்ள இரும்பு அலுமாரிக்குள், சிலிக்கா ஜெல்லோடு நிறுத்துங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் பெட்டியை அரை மணி நேரம் திறக்காதீர்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த இரும்பில் பனி போல் நீர் படியும். சுடும்போது போடும் விறைப்பான கன்வஸ் சட்டையும் ஈரத்தில் விறைப்பை இழக்கும். ஒவ்வொரு நாளும் ஹேங்கரில் மாட்டி மின்விசிறிக் காற்றில் காயவிட்டால் இரண்டு மடங்கு காலம் உழைக்கும்.

ஸ்டொக் திருகுகளின் தலைக்கும் கட்டைக்கும் சேர்த்து வெள்ளைப் பேனையால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒருநாள் சூடுகள் காரணமில்லாமல் இடப்பக்கம் போனால் டயொப்டரைத் திருகமுன் அந்தக் கோட்டைப் பாருங்கள்; கோடு விலகியிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது.