பள்ளியில் 'இலவச' மருத்துவ முகாமா? பெங்களூரு பெற்றோரே, உஷார்

எடைக் குறைப்பு மையம் ஒன்றிலிருந்து அழைப்பு. கன்னடத்தில் தொடங்கிய பெண், என் கன்னடத்தைக் கேட்டதும் இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறினார். "மேடம், உங்கள் மகள் ஏழாம் வகுப்புதானே? எடை கொஞ்சம் அதிகம், வீசிங் வேறு இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனி பேக்கேஜ் வைத்திருக்கிறோம்." அவளுடைய வீசிங் எங்கள் வீட்டுக்கும் டாக்டருக்கும் பள்ளிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

பள்ளி அல்சூர் பக்கம் இருக்கிறது. அங்கே ஒரு செயலி நிறுவனம் வந்து இலவச முகாம் நடத்தியது. உயரம், எடை, 600 மீட்டர் ஓட்டம் எல்லாம் மத்திய அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் கேலோ இந்தியா உடல்தகுதி மதிப்பீட்டிலும் உள்ளவைதான். அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் சேர்க்கைப் படிவத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்த நோய் விவரத்தையும் பள்ளி அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறது. போதாததற்கு, பி.டி. ஆசிரியர் முழு அட்டவணையையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பெயர், எடை, ஓடிய நேரம், கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம். என் மகளுக்கு நேரே "வீசிங், இன்ஹேலர்". இன்னொரு பிள்ளைக்கு நேரே இருந்ததை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. "அக்கா, நீங்களும் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார் அந்தப் பிள்ளையின் அம்மா.

முதல்வரிடம் போனால், "சேர்க்கையின்போது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார். அதில் இருப்பது 'பள்ளி நிகழ்ச்சிகளுக்கு ஒத்துழைப்பேன்' என்ற ஒற்றை வரி. இதுவா சம்மதம்? நிறுவனமோ பள்ளியைக் கைகாட்டுகிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி உடல்நிலையும் மருத்துவப் பதிவும் உணர்வுநுட்பமான தகவல்கள். நிறுவனங்கள் அவற்றைத் திரட்ட எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கறார்: 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் சம்மதத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும், மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். சம்மதக் கடிதத்தைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தகவலை அழிக்கச் சொல்லலாம். ஒரே சங்கடம், இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். அதுவரை அசட்டையாக இருக்கலாம் என்று பள்ளிகள் நினைக்கின்றன போலும்.

ஆகவே முகாம் என்று சீட்டு வந்தால், யார் நடத்துகிறார்கள், என்ன குறித்துக்கொள்கிறார்கள், யாருக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

என் மகளின் விவரங்களை அழித்துவிட்டதாக நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அந்த எடைக் குறைப்பு மையத்துக்கு விவரம் எப்படிப் போனது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. அடுத்த முகாமின் படிவத்தில், "உயரம், எடை மட்டும், வெளியாருக்குத் தரக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தேன். இப்படியெல்லாம் வாங்க மாட்டோம் என்றார் அலுவலகத்தில் இருந்தவர். வாங்க மறுப்பதையே எழுதித் தாருங்கள் என்றதும் முத்திரை குத்தி நகலை நீட்டினார்.