வலி, வளி, வழி: மெய்யொலிகளை அளக்க பிராத் எப்படி?

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராத், இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பேச்சொலி ஆய்வுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் நிறுவியதும் இருக்கும் அமைப்புகள் உயிரொலிகளுக்குத்தான் தோது. மெய்களுக்கு நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஸ, ஷ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் வலுவாக உள்ளது என்பதைக் கருமையாகக் காட்டும் படம்) 5000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. ஸ-வின் இரைச்சலில் பெரும்பகுதி அதற்கும் மேலே இருப்பதால் ‘பஸ்’ஸின் கடைசி வெளிறித் தெரியும். படம் காட்டும் அதிர்வெண் எல்லையான வியூ ரேஞ்சை 10000 ஆக்கினால் கரும்பட்டை வந்துவிடும். ஷ-வில் அந்தப் பட்டை இன்னும் கீழே, 2500 அருகிலேயே தொடங்கும். எண்ணாக வேண்டுமென்றால் உரசல் பகுதியை மட்டும் வெட்டி, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி, ஸ்பெக்ட்ரமாக்கி, சென்டர் ஆஃப் கிராவிட்டி, அதாவது ஒலியாற்றலின் சராசரி அதிர்வெண், எடுங்கள். வடிகட்டாவிட்டால் மின்விசிறிச் சத்தம் எண்ணைக் கீழே இழுத்து, ஸ-வை ஷ போலக் காட்டும். பதிவு 44100 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். வாட்ஸ்அப் குரல் பதிவு இதற்கு உதவாது.

பாடு, பாட்டு எளிது. ‘ட்ட’வில் நீண்ட வெற்றிடம், பிறகு வெடிப்புக் கோடு. ‘டு’வில் இடைவெளி மிகக் குறுகல், அடியில் குரல்நாண் அதிர்வைக் காட்டும் குரல் பட்டையும் ஓடும்.

உண்மையான சோதனை வலி, வளி, வழிதான். ல, ள இரண்டிலும் பட்டைகள் சட்டென்று மங்கி, சட்டென்று தெளியும். ள வரும்போது முந்தைய அகரத்தின் கடைசியில் மூன்றாம் ஃபார்மன்ட் (ஒத்ததிர்வால் வலுக்கும் கரும்பட்டைகளில் கீழிருந்து மூன்றாவது) கீழே சாயும்; ல-வில் அப்படிச் சாயாது. ழ-வில் அந்த வெட்டே இல்லை: மூன்றாம் ஃபார்மன்ட் வழுக்கிக்கொண்டே இறங்கி இரண்டாவதை ஒட்டிவிடும். பிராத் தடுமாறுவதும் இங்கேதான். ஒட்டிய இரண்டையும் ஒன்றாக எண்ணி, நான்காவதை மூன்றாவது என்று எழுதிவிடும். பிராத் ஃபார்மன்ட்டுகளைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகள் திடீரென மேலே தாவினால் அந்த எண்ணைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்; கரும்பட்டையைக் கண்ணால் பார்த்துக் குறியுங்கள். ஃபார்மன்ட்டுகளைத் தேடும் உச்சவரம்பு ஆண் குரலுக்கு 5000 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 5500.

மனம், மணம் அளக்கும்போது மூக்கொலிக்குள் விழும் புள்ளிகளை நம்பவே கூடாது. பிராத்தின் கணக்கு ஒத்ததிர்வுகளை மட்டும் தேடுகிறது. அடைபட்ட வாயறை விழுங்கிவிடும் அதிர்வெண்கள் அதில் இல்லை. இங்கும் முந்தைய உயிரின் கடைசி 30 மில்லிசெகண்டில்தான் விடை: ண-வுக்கு முன்னால் மூன்றாம் ஃபார்மன்ட் சரியும்.

பெரிய குறை, எதையும் தானாகச் சேமிக்காது. ஒலிகளின் எல்லைகளை நீங்கள் குறித்துவைக்கும் டெக்ஸ்ட்கிரிட் என்ற குறிப்பை ஒவ்வொரு கோப்பு முடிந்ததும் கையோடு சேமித்துவிடுங்கள்.