“நூறு வீதம் பொலியெஸ்டர்” என்று விற்ற ரீசேட்: 84,000 ரூபாய் போச்சு

கல்முனை, மருதமுனை, மட்டக்களப்புப் பக்கம் சப்ளிமேஷன் பிரின்ட் (தாளில் அடித்த படத்தைச் சூட்டில் பொலியெஸ்டர் துணிக்கு ஏற்றுகிறது) அடிக்கிற ஆக்கள் இதை வாசித்துவிட்டு ஓடர் போடுங்க. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

முகநூலில் வெற்று ரீசேட் மொத்தமாக விற்கிற ஒரு கொழும்புக் கடை. விளையாட்டுக் கழக ஓடர் ஒன்றுக்கு வெள்ளை ரீசேட் 120, ஒன்று 700 ரூபாய். 84,000 ரூபாயையும் முன்னுக்கே வங்கியில் போட்டாச்சு.

போட வைத்தது ஒரு வீடியோ கோல். கடைக்காரத் தம்பி ரீசேட்டின் கீழ்மடிப்பில் நூல் ஒன்றை இழுத்து லைட்டரில் பிடித்தார். நூல் சுருங்கி உருகி, ஆறினதும் கறுப்பாக, கல்லு மாதிரி ஒரு சின்ன உருண்டையாக நின்றது. பொலியெஸ்டர் அப்படித்தான் நிற்கும். “பாருங்க அண்ணா, சுத்த பொலி” என்றார். அவர் எரித்தது தையல் நூல்! சுத்தப் பருத்தி ரீசேட்டையும் அனேகமாகப் பொலியெஸ்டர் நூலால்தான் தைப்பார்கள். அந்த நேரம் அது புத்தியில் படவில்லை.

சாமான் வந்ததும் 50 ரீசேட்டில் அடித்தாச்சு: 200 பாகை, 50 செக்கன், நடுத்தர அழுத்தம். ஹீற் பிரெஸ்ஸில் இருந்து எடுக்கும்போதே நிறம் கொஞ்சம் மங்கல்தான். முதல் துவையலில் சிவப்பு, வெளிறின ரோசாவாகப் போச்சு. பிறகு துணியிலேயே ஒரு துண்டு வெட்டி எரித்தால் கடதாசி எரிகிற மணம், சாம்பல், நடுவில் சின்னச் சின்ன உருண்டை. பருத்தி கலந்த துணி.

சப்ளிமேஷன் மை சூட்டில் உருகாமல் நேரே ஆவியாகும். அந்தச் சூட்டில் பொலியெஸ்டர் இழை இளகி ஆவியை உள்ளே விடும், ஆறினதும் பூட்டிக்கொள்ளும். பருத்தி இழை அதைப் பிடிக்காது. அதன் மேல் தங்கின நிறம் சவர்க்காரத்தோடு போயிடும். அதே தாள், அதே மை, அதே சூட்டில் பழைய ஜெர்சி ஒன்றில் அடித்து மூன்று தரம் துவைத்தும் நிறம் அசையவில்லை.

கடைக்காரர் முதலில் “உங்கட பிரெஸ்ஸில் சூடு காணாது” என்றார். 205க்கு ஏற்றியும் அதே கதை. இரண்டு நாள் கழித்து “மை சரியில்லை”. ஜெர்சி வீடியோவை அனுப்பினால், “பிரின்ட் அடிச்ச சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்”. அடிக்காமல் கிடக்கிற 70ஐயாவது எடுங்க என்று கேட்டதற்கு, வாசித்த அடையாளமாக நீலச் சரி மட்டும். அடுத்த நாள் புளொக். 84,000 ரூபாய்!

அடித்த 50க்கு மேல் டிடிஎஃப் (ஃபில்மில் அடித்து, பசைப் பவுடரால் துணியில் ஒட்டுகிற பிரின்ட்) ஒட்டித் தப்பலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒட்டுகிற சூட்டில் அடியில் கிடக்கிற சப்ளிமேஷன் மை திரும்ப எழும்பி, டிடிஎஃப்பின் வெள்ளையைக் கறையாக்கும். அடிக்காத 70க்கு டிடிஎஃப் சரிவரும், 150 பாகையில் 15 செக்கன். ஆனால் ஃபில்மும் பவுடரும் வேறு செலவு.

அவசரமாகச் சொல்கிறேன். தையல் நூலைக் காட்டினால் நம்பாதீங்க, துணியை வெட்டி எரிக்கச் சொல்லுங்க. ஒரேயொரு ரீசேட் எடுத்து, அடித்து, ஒரு நாள் விட்டுத் துவைத்துப் பாருங்க. முழுக்காசும் முன்னுக்குக் குடுக்காதீங்க. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் முறையிடலாம், அதற்காகவாவது பற்றுச்சீட்டில் துணி வகையை எழுதி வாங்குங்க. 84,000 ரூபாய்க்கு இங்கே கையில் இருக்கிற சீட்டில் “ரீசேட் 120” என்று மட்டும்தான் கிடக்கு.