புறாவா, அம்பா?

மீம் போட ‘இது புறாவா?’ படம் எடுப்பதா, ‘ஜோஜோ’வின் ‘தொடரும்’ அம்பு எடுப்பதா? முதலில் புறா. 1991-இல் வந்த ‘ஃபைபேர்ட்’ என்ற அனிமேயில் (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) மனித உருவ ரோபோ ஒருவன் பட்டாம்பூச்சியைக் காட்டி “இது புறாவா?” என்பான். காட்சியே அபத்தம் என்பதால் நமக்கு வேலை குறைவு. ஆள்மேல் யார், பூச்சிமேல் எது, கீழே அதை என்னவென்று தப்பாக நினைக்கிறான்: இந்த மூன்று இடத்திலும் ஓரிரு சொல் எழுதினால் போதும். நீளமான வாக்கியம் போட்டால் மீம் செத்தது.

‘ஜோஜோ’ அம்புக்கு வீடியோ வேண்டும்; மெனக்கெடலும் அதிகம், ஆனால் சிரிப்பு இதில்தான் வெடிக்கும். ‘ஜோஜோஸ் பிசார் அட்வென்சர்’ என்ற 2012 அனிமேயின் அத்தியாயங்கள் முடிகிற பாணி அது. ‘யெஸ்’ என்ற ராக் குழுவின் ‘ரவுண்டபவுட்’ பாட்டின் கிட்டார் காட்சிக்கு அடியிலேயே மெல்லத் தொடங்கும். பேஸ் கிட்டாரின் கனத்த ஒலி இறங்கும் நொடியில் படம் உறைந்து பழுப்பேறும், கீழே ‘தொடரும்’ அம்பு வரும். பலரும் சொதப்புவது உறையும் இடத்தில். ஆள் விழுந்தபின் நிறுத்தாதீர்கள். கால் வழுக்கி அந்தரத்தில் இருக்கும் ஃபிரேமில் நிறுத்துங்கள். முதலில் பேஸை அங்கே பொருத்திவிட்டு, கிட்டாரைப் பின்னோக்கி நீட்டுங்கள்.