எனக்கு அப்புறம்தான் மெஷினைக் கழுவினார்

முடி வெட்டப் போய்ப் படர்தாமரையோடு திரும்பி வந்த கதை இது. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தக் கடைக்காரரைவிட மோசமாக நடத்துகிற கடைகளையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 11 வருடமாக சோரியாசிஸ் இருக்கிறது. இடது காதுக்குப் பின்னால் வெள்ளிச் செதிலோடு ஒரு திட்டு. இது யாருக்கும் ஒட்டாது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறித் தோலை விரட்டுவதால் வருவது. ஒரு மாதம் போல ஆகவேண்டிய தோல் வளர்ச்சி சில நாளில் முடிந்து, உதிர நேரமில்லாமல் செதிலாகக் குவிகிறது, அவ்வளவுதான். சீப்பு, துண்டு, தலையணை எதன் வழியாகவும் அடுத்தவருக்குப் போகாது.

அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஏழெட்டு வயதிருக்கும். உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் வட்டமாக முடி இல்லை. அவன் அப்பா கேட்டதற்குக் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "புழுவெட்டு, தானா வளந்துடும்" என்றார். நான் பின்னால் பெஞ்சில் இருந்தேன். அந்த இடம் கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது. தவிடு தூவியது போலப் பொருக்கு. நடுவில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். அப்போது எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பையன் இறங்கினான், நான் ஏறினேன். அதே மெஷின், அதே பிரஷ். பிளேடில் ஒட்டியிருந்த முடியை ஊதிவிட்டுப் பின்கழுத்தில் ஓட்ட ஆரம்பித்தார்.

பாதி வேலையில் காதை மடக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன தம்பி இது? ஒட்டிக்கிற சமாச்சாரமாச்சே, முன்னாடியே சொல்ல வேணாமா?" குரலைத் தாழ்த்தவே இல்லை. பெஞ்சில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒட்டாதுண்ணே, சோரியாசிஸ் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. விரல் நுனியால் காதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கத்தரியால் முடித்தார். நான் எழுந்ததும், என் கண் முன்னாலேயே, மெஷினின் பிளேடைக் கழற்றி, பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, ஸ்பிரிட்டில் முக்கினார். ஆக, அவருக்குச் சுத்தம் செய்யத் தெரியும். எனக்கு முன்னால் செய்யவில்லை, எனக்குப் பின்னால் செய்தார்.

ஒன்பதாம் நாள் பின்கழுத்தில் அரிப்பு. மெஷின் ஓடிய கோட்டிலேயே சிவப்பாக ஒரு வளையம். ஓரம் தடித்து, நடு வெளுத்து. சோரியாசிஸோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிறவனுக்கு இது வேறு ஆசாமி என்று தெரியாதா? ஆனாலும் நான் செய்ததும் முட்டாள்தனம்தான். வழியில் அந்தக் கடையில் காட்டினேன். "சேவிங் சூடு" என்று சொல்லி மேசை டிராயரிலிருந்து ஒரு டியூப்பை எடுத்துப் பாதி பிதுக்கிக் கொடுத்தார். மூன்று நாளில் அரிப்பு நின்றது, சிவப்பு மங்கியது. அட, மனுஷனைத் திட்டிவிட்டோமே என்று நினைத்தேன். பத்து நாளில் வளையம் காலர் வரைக்கும் விரிந்து, பக்கத்தில் இரண்டு குட்டி போட்டிருந்தது.

தோல் டாக்டர் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை நூல் நூலாக இருந்ததாம். டியூப் பெயரைச் சொன்னதும் பெருமூச்சு விட்டார். அதில் பீட்டாமெத்தசோன், க்ளோட்ரிமசோல், நியோமைசின் மூன்றும் கலந்திருக்கிறது. பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு. அது எரிச்சலையும் சிவப்பையும் அடக்கும். அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கும். மேலே ஆறியது போலத் தெரியும், கீழே பூஞ்சை நிம்மதியாக மேயும். ஆயின்மென்ட்டோடு முடிந்திருக்க வேண்டியது, அதனால் எனக்கு மாத்திரை வரைக்கும் போனது.

பையனைப் பற்றியும் சொன்னேன். அவனிடமிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியாது என்றார், நியாயம்தான். ஆனால் புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும், பொருக்கு இருக்காது. பொருக்கும், தோலோடு முறிந்த முடியின் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் தலையில் வரும் படர்தாமரையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டுமாம். அது குழந்தைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. பூச்சு மட்டும் அதற்குப் போதாது. வேருக்குள் இருப்பதால் வாரக்கணக்கில் மாத்திரை வேண்டும். உதிர்ந்த முடித்துணுக்கில் பூஞ்சை வித்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கடைக்காரர் ஊதிவிட்டாரே, அந்தத் துணுக்கில்தான்.

முடி திருத்துகிறவர் டாக்டராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொல்லப்போனால், ஆகவே கூடாது என்கிறேன். பெயர் வைப்பதும் மருந்து கொடுப்பதும் அவர் வேலையில்லை. மெஷினைப் போடுவதற்கு முன்னால் சீப்பால் முடியை விலக்கி நல்ல வெளிச்சத்தில் ஒரு பார்வை, "தோல்ல ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று காதோடு ஒரு கேள்வி. சீழ், கசிகிற புண், பொருக்குத் தட்டிய வட்டம், பேன் இருந்தால் அன்றைக்கு வெட்டாமல் டாக்டரைப் பார்க்கச் சொல்லலாம், அதையும் மெதுவாக. சோரியாசிஸ், வெண்புள்ளி, புழுவெட்டு என்று தெரிந்து வருகிறவருக்குத் தாராளமாக வெட்டலாம். செதிலை மட்டும் ரேசரால் சுரண்டக் கூடாது. தோலில் கீறல் விழுந்த இடத்தில் சோரியாசிஸும் வெண்புள்ளியும் புதிதாகக் கிளம்பலாம்.

கருவி விஷயத்தில் ஆளைப் பார்த்துச் சுத்தம் செய்வதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. பார்க்க நன்றாக இருப்பவர் ரத்தத்தில், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கலாம். அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாளாவது தாக்குப்பிடிக்கும். ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போட்டுவிட்டு, பத்துப் பேர் தாடையில் தேய்த்த அதே படிகாரக் கட்டியை எனக்கும் தேய்த்தால் பிளேடு மாற்றி என்ன பிரயோஜனம்? மெஷினில் முடியை முழுக்கத் துலக்கி எடுத்த பிறகுதான் கிருமிநாசினி. முடிக்கு மேல் அடித்தால் அது உள்ளே இறங்காது. அடித்ததும் துடைக்கவும் கூடாது, லேபிளில் போட்டிருக்கும் நேரம் ஊற வேண்டும். நீல விளக்குப் பெட்டி இருக்கிறதே, அது கழுவிய பொருளை வைக்கிற அலமாரி. கழுவாததை உள்ளே வைத்தால் வெளிச்சம் மட்டும்தான் கிடைக்கும்.

இப்போது நான் போகிற கடையில், "அண்ணே, மெஷினைக் கழுவிட்டு ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். முகம் சுளித்தால் எழுந்துவிடுகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது.

குணமான பிறகு பழைய கடைக்கு ஒரு தடவை போனேன். சண்டைக்கு இல்லை, அந்தப் பையன் அப்பாவிடம் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்பதற்கு. கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் துண்டை உதறியபடி, "சொன்னா வேற கடைக்குப் போயிடுவாங்க தம்பி, மூணு பேர் வர்ற வீடு அது" என்றார்.